பாத், பேத், ஷவர், வாஷ்: வார்டில் எதை எங்கே சொல்வது?

தேனி_செல்வி

வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து போவதற்காக ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரீடிங், லிசனிங் பரவாயில்லை. ஸ்பீக்கிங்கில் நோயாளியோடு பேசுவதுபோல இரண்டு ரோல்பிளே வரும் இல்லையா, அதில் குளிக்கிற விஷயம் வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

கோச்சிங்கில் ஒரு சார் "டேக் எ பாத்" சரி என்கிறார். இன்னொரு மேடம் "ஹேவ் எ பாத்" என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறார். மாதிரிக் கேஸ் நோட்ஸில் "நீட்ஸ் அசிஸ்டன்ஸ் வித் பேதிங்" என்று இருக்கிறது. இன்னொன்றில் "பேத் த வூண்ட் வித் சலைன்" என்று இருக்கிறது. புண் எப்படிக் குளிக்கும்? இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு டிஸ்சார்ஜ் தாளில் இப்படிப் பார்த்தேன்: "யூ மே ஷவர், பட் டூ நாட் ஹேவ் எ பாத் அன்டில் த வூண்ட் ஹேஸ் ஹீல்ட்." குளிக்கலாம், ஆனால் குளிக்கக் கூடாதா? இதை நோயாளிக்கு விளக்கிச் சொல் என்று ரோல்பிளே கார்டில் வந்தால் என்ன பேசுவது?

அங்கே வேலை பார்க்கும் அக்காமார், அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். இலக்கணப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது. வார்டில் வாயைத் திறந்தால் என்ன வருகிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

கிராமர்_மாமா

பாத் பெயர்ச்சொல். பேத் வினைச்சொல், எழுதும்போது கடைசியில் "ஈ" எழுத்து வரும். பிரெத், பிரீத் என்று ஒரு ஜோடி இருக்கிறதே, அதே கணக்கு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் "எ" போட மறக்காதீர்கள். "ஐ டுக் பாத்" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம், அதில் விட்டுப்போவது அந்த "எ" மட்டும்தான். "டேக்" அமெரிக்கப் பழக்கம், "ஹேவ்" பிரிட்டிஷ் பழக்கம், இரண்டுமே சரி. இவ்வளவுதான் விஷயம்.

லீட்ஸ்_நாஞ்சில்காரி

செல்வி, நான் நாகர்கோவில் பக்கம். இப்போது லீட்ஸில் முதியோர் வார்டில் இருக்கிறேன். காலையில் ஹேண்டோவர் (ஷிஃப்ட் மாற்றம்) முடிந்ததும் முதல் வேலையே நீங்கள் கேட்கிற இந்தச் சங்கதிதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மாமா சொன்ன இலக்கணம் சரி. ஆனால் அந்த டிஸ்சார்ஜ் தாளுக்கு அதில் பதில் இல்லை.

நம்முடைய "குளி" தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே இல்லை. வாளியில் மொண்டு ஊற்றினாலும் குளியல். குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நின்றாலும், தாமிரபரணியில் முங்கினாலும், கன்னியாகுமரியில் கடலில் இறங்கினாலும் குளியல். இங்கே உள்ளவர்களுக்கு "பாத்" என்று காதில் விழுந்ததும் கண் முன்னால் வருவது ஒரு தொட்டி. ஆள் நீளத்துக்கு வெள்ளையாகச் சுவர் ஓரமாகக் கிடக்கும். அந்தத் தொட்டிக்கே பெயர் பாத்தான். "பாத்டப்" என்பதை அமெரிக்கர்கள்தான் அதிகம் சொல்வார்கள். தொட்டியை நிரப்புவது "ரன் எ பாத்". அதில் இறங்கி ஊறுவது "ஹேவ் எ பாத்". நின்றுகொண்டிருக்கும்போது மேலிருந்து தண்ணீர் விழுந்தால் அது ஷவர், அதைப் பாத் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது அந்தத் தாளை மறுபடி படியுங்கள். தையல் மேல் தண்ணீர் ஓடிப் போகலாம், தையல் தண்ணீரில் ஊறக் கூடாது. அதைத்தான் சொல்கிறது. இங்கே நைஸ் என்ற அமைப்பு வெளியிடும் வழிகாட்டுதலில், அறுவை சிகிச்சை முடிந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு ஷவரில் நிற்கலாம் என்று இருக்கிறது. தொட்டிக்குப் புண் ஆறும்வரை பொறுக்கச் சொல்வார்கள். நேரம் போவது தெரியாமல் ஊறினால் தோல் நொதநொதவென்று ஆகிவிடும், உடம்பு அழுக்கும் அதே தண்ணீரில்தானே கலந்து கிடக்கிறது. ரோல்பிளேயில் இப்படிச் சொல்லுங்கள்: "ஷவர்ஸ் ஆர் ஃபைன், பட் ப்ளீஸ் டோன்ட் சோக் இன் த பாத் ஜஸ்ட் யெட்." கூடவே "பேட் இட் ட்ரை, டோன்ட் ரப்." அதாவது ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். "சோக்" (ஊறுவது) என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து வார்டு. என் வாயில் பாத் என்பதை விட "வாஷ்" என்பதுதான் அதிகம் வரும். "வுட் யூ லைக் எ வாஷ்?" என்று கேட்டால், முகம் கழுவுவதிலிருந்து உடம்பு முழுக்கச் சுத்தம் செய்வது வரை எல்லாம் அதில் அடக்கம். வாஷ்பேசின் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தலை முதல் கால் வரை சோப்புத் துணியால் துடைத்துவிட்டால் அது "ஸ்ட்ரிப் வாஷ்". பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நோட்ஸிலேயே அப்படித்தான் எழுதுவார்கள். கைக்குழந்தைக்கு முகம், கழுத்து, கை, அடிப்பாகம் மட்டும் துடைப்பது "டாப் அண்ட் டெயில்". குழந்தையைத் தினமும் குளிப்பாட்டத் தேவையில்லை என்பதுதான் இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்வது. காலை நீட்டிப் போட்டு அதில் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டிய என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இன்னும் இந்த நாட்டு மருத்துவத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை.

கட்டிலை விட்டு எழ முடியாதவருக்கு "பெட் பாத்". தொட்டி இல்லை, ஆனாலும் பாத். நீங்கள் மதுரையில் ஸ்பாஞ்ச் பாத் என்று செய்கிற அதே வேலைதான்: முகத்துக்குத் தனித் துணி, கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் துடைப்பது, தண்ணீர் ஆறிப்போனால் மாற்றுவது, துடைக்காத பாகத்தை டவலால் மூடிவைப்பது. அமெரிக்க ஐ.சி.யு.க்களில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி ஏற்றிய துணியால் துடைத்துவிட்டு அதையும் பாத் என்றே எழுதுகிறார்கள். அங்கே கிண்ணத்தில் தண்ணீர்கூடக் கிடையாது.

கேஸ் நோட்ஸில் வரும் "பேதிங்" கொஞ்சம் வேறு. அது படிவத்து மொழி. சிட்னி காட்ஸ் என்ற டாக்டரின் குழு 1963இல் வெளியிட்ட பட்டியலில், ஒருவர் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்க்க ஆறு விஷயம் இருக்கும். அதில் முதலாவது பேதிங். அதே மாதிரி இன்னொரு பட்டியலான பார்தெல் இன்டெக்ஸில் நூற்றுக்கு ஐந்து மார்க் அதற்கு. அங்கெல்லாம் தொட்டியோ ஷவரோ துணியால் துடைப்பதோ, எல்லாம் ஒரே தலைப்பில் வந்துவிடும். அதனால் தேர்வில் எழுதும் லெட்டரில் "ரிக்வயர்ஸ் அசிஸ்டன்ஸ் வித் பேதிங் அண்ட் டிரெஸ்ஸிங்" என்று தாராளமாக எழுதலாம். இங்கே வந்த பிறகு அதையே "வாஷ்ட் அண்ட் டிரெஸ்ட் வித் அசிஸ்டன்ஸ் ஆஃப் ஒன்" என்று எழுதப் பழகிவிடுவீர்கள். ஒருவர் உதவி போதும் என்று அர்த்தம். யார் உதவியும் வேண்டாம் என்றால் "செல்ஃப் கேரிங்".

புண் எப்படிக் குளிக்கும் என்றீர்களே. "பேத்" என்ற வினையில் மெதுவாக, இதமாக, நிறையத் திரவம் விட்டுக் கழுவுவது என்ற பொருளும் உண்டு. புண், கண், வீங்கிய கால் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். கண்ணில் பீளை கட்டினால் கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கச் சொல்கிறோம் இல்லையா, அது "பேத் யுவர் ஐஸ்". இங்கே தேய்க்கிற வேலையே கிடையாது. "வாஷ் த வூண்ட்" என்றால் கொஞ்சம் கை அழுந்தும், "பேத்" என்றால் கை அழுந்தாது. எனக்குப் பிடித்த பிரயோகம் இது.

குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு பிரிட்டிஷ்காரர்கள் பாத் என்பதையே வினையாக்கி "பாத் த பேபி" என்பார்கள். அமெரிக்கர்கள் "பேத் த பேபி". இறந்தகாலத்தில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து, வாசிக்கும்போதுதான் வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை. வயதானவர் யாரிடமாவது வாய் தவறி "வுட் யூ லைக் எ பாத்?" என்று கேட்டுவிட்டால், அவர் முகம் மலர்ந்து "ஊ, லவ்லி!" என்பார். தொட்டி, வெந்நீர், நுரை என்று அவர் மனசு போய்விடும். பிறகு அசிஸ்டட் பாத் (உதவியோடு இறங்கும் தொட்டி) இருக்கிற அறையைத் தேட வேண்டும், ஆளைத் தூக்கி இறக்க ஹாய்ஸ்ட் வேண்டும், தண்ணீரின் சூட்டை வெப்பமானியால் பார்த்து எழுத வேண்டும். முதியோரை இறக்கும் தொட்டியில் 44 டிகிரிக்கு மேல் தண்ணீர் விழக் கூடாது என்பது இங்கே பாதுகாப்பு விதி. ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம் போய்விடும்.

அந்த மலர்ச்சிக்குக் காரணமும் இருக்கிறது. யார்க்‌ஷயர் சுரங்க ஊர்களில் பிறந்து வளர்ந்த கிழவிகள் சொல்லும் கதை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் குளியலறை கிடையாது. பின்பக்கச் சுவரில் ஆணியில் ஒரு தகரத் தொட்டி தொங்கும், அதற்குப் பெயர் "டின் பாத்". வாரம் ஒருநாள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி, அதை இறக்கிக் கரி அடுப்புக்கு முன்னால் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். அதே தண்ணீரில் வீட்டில் உள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். கடைசிப் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன தண்ணீர் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா சுரங்கத்திலிருந்து கரியோடு வந்தால் அது தனிக் குளியல், முதுகு தேய்ப்பது அம்மா வேலை. முதுகைக் கழுவினால் அதன் பலம் போய்விடும் என்று நம்பி அதை மட்டும் விட்டுவிட்ட தொழிலாளிகளும் இருந்தார்களாம். 1926இல் ஒரு சட்டம் வந்து, சுரங்க ராயல்டியில் (நிலக்கரிக்காக நிலத்துக்காரருக்குப் போகும் தொகை) ஒரு பங்கை எடுத்துச் சுரங்க வாசலிலேயே குளியல் கூடங்கள் கட்டினார்கள். அவைதான் "பிட்ஹெட் பாத்ஸ்". வீட்டுத் துணிக்கு ஒரு பக்கம் லாக்கர், கரித் துணிக்கு மறுபக்கம் லாக்கர், நடுவில் வரிசையாக ஷவர். கவனித்தீர்களா, உள்ளே இருப்பது எல்லாம் ஷவர், பெயர் மட்டும் பாத்ஸ். வேக்ஃபீல்ட் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகத்தில் இதை இப்போதும் பார்க்கலாம். என் வீட்டுக்காரரோடு போனேன். அவருக்கு ரயில் பிடித்தது, எனக்கு அந்த லாக்கர்கள்.

"பாத்ஸ்" என்று பன்மையில் சொன்னால் இன்னொரு அர்த்தமும் உண்டு, ஊர்ப் பொது நீச்சல் குளம். லீட்ஸில் 1904இல் திறந்த பிராம்லி பாத்ஸ் இப்போதும் நடக்கிறது. "ஐ லேர்ன்ட் டு ஸ்விம் அட் த பாத்ஸ்" என்று நோயாளி சொன்னால் தொட்டியில் எப்படி நீந்தினார் என்று யோசிக்க வேண்டாம். அதேபோல ஆற்றிலும் கடலிலும் இறங்கி நீந்துவது "பேதிங்". இல்க்லி என்ற ஊரில் வார்ஃப் ஆற்றின் ஒரு பகுதியை 2020இல் அரசு "பேதிங் வாட்டர்" என்று அறிவித்தது. இங்கிலாந்தில் ஓர் ஆற்றுக்கு அந்தப் பெயர் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அறிவித்த பிறகு தண்ணீரைச் சோதித்துத் தரம் மோசம் என்று போர்டும் வைத்தார்கள். அங்கே யாரும் சோப்பு எடுத்துக்கொண்டு போவதில்லை.

திருப்பூர்_டையிங்_மாஸ்டர்

சிஸ்டர், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் தொழிலில் நாள் முழுக்க பாத் பாத் என்றுதான் பேச்சு, குளிப்பது மட்டும் ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான்.

சாயத் தண்ணீர் நிரம்பிய மெஷினுக்குள் இருப்பதுதான் எங்களுக்கு பாத். காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் என்றால் உப்பு, சோடா ஆஷ் போட்டு, பெரும்பாலும் 60 டிகிரியில் ஓட்டுவோம். சாயம் பிடித்ததும் "பாத்தை டிரெயின் பண்ணு" என்போம். அப்புறம் அசிட்டிக் ஆசிட் போட்டு நியூட்ரல் செய்ய ஒரு பாத், சோப்பிங்குக்குக் கொதிக்கக் கொதிக்க ஒரு பாத். ஒவ்வொரு பாத்துக்கும் புதுத் தண்ணீர் போகும். அந்தத் தண்ணீர் வெளியே போனால் என்ன ஆகும் என்பதை நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இதனால்தான். இப்போது சுத்திகரித்துத் திருப்பி எடுத்துத்தான் ஓட்டுகிறோம்.

டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் "ஆயில் பாத்" என்பார்கள், அது எண்ணெய்க்குள் காற்றை விட்டுத் தூசி பிடிக்கிற ஏர் கிளீனர். ஸ்கூல் லேபில் "வாட்டர் பாத்". ஏதாவது ஒன்றைத் திரவத்துக்குள் முக்கி வைத்தால் அது பாத். சிஸ்டர் சொன்ன "சோக்" எங்களுக்கும் பொருந்துகிறது.

குடந்தை_கோபு

பத்திரிகையில் பிழைதிருத்தும் வேலை பார்த்தவன் நான். 2016 மகாமகத்தின்போது ஆங்கிலச் செய்தி எல்லாவற்றிலும் "ஹோலி டிப்" என்றுதான் வந்தது. குளத்தில் லட்சக்கணக்கானவர்கள் முங்கி எழுந்ததற்கு "பாத்" போட்டால் ஏதோ சோப்பு விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்று எங்கள் டெஸ்கில் பேசிக்கொள்வோம். "ஹோலி பாத்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. என் ஓட்டு "டிப்"புக்குத்தான், முங்கி எழுந்தால் முடிந்தது.

பாத் என்றே இங்கிலாந்தில் ஓர் ஊர் இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லையே? ரோமானியர்கள் வெந்நீர் ஊற்றைச் சுற்றிக் கட்டிய குளியல் கூடங்களால் வந்த பெயர். 46 டிகிரி சூட்டில் தினமும் பதினோரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் தானாக வருகிறது. வேடிக்கை என்ன என்றால், அந்தப் பழைய குளத்தில் குளிக்க முடியாது. தண்ணீரில் இருந்த ஓர் அமீபாவால் ஒரு சிறுமி இறந்த பிறகு 1978இல் அதை நிறுத்திவிட்டார்கள். குளிக்க வேண்டும் என்றால் 2006இல் பக்கத்திலேயே கட்டிய புது ஸ்பாவுக்குப் பணம் கட்டிப் போக வேண்டும்.

தேனி_செல்வி

நாஞ்சில் அக்கா, ரொம்ப நன்றி. "சோக்" பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, "ஹெட் பாத்". இங்கே டாக்டர்களே "நோ ஹெட் பாத் ஃபார் த்ரீ டேஸ்" என்று எழுதுகிறார்கள். அங்கே புரியுமா? எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை எப்படிச் சொல்வது? இரண்டு, உச்சரிப்பு. பாத், பேத் இரண்டையும் நான் சொன்னால் மேடத்துக்கு ஒரே மாதிரி கேட்கிறதாம்.

லீட்ஸ்_நாஞ்சில்காரி

"ஹெட் பாத்" இங்கே யாருக்கும் புரியாது. தலையை மட்டும் ஒரு தொட்டியில் முக்குவது போல நினைப்பார்கள். நமக்கு உடம்புக்கு ஊற்றுவது ஒன்று, தலைக்கு ஊற்றுவது வேறொன்று. காய்ச்சல் விட்டால் "இன்னைக்குத் தலைக்குத் தண்ணி விடலாமா" என்று கேட்பதே பெரிய மருத்துவக் கேள்வி. அவர்களுக்கு அந்தப் பிரிவே கிடையாது. "வாஷ் யுவர் ஹேர்", அவ்வளவுதான். "யூ கேன் ஷவர், பட் ட்ரை நாட் டு வாஷ் யுவர் ஹேர் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் ஹெட் பாத் வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். ஏன் என்று திருப்பிக் கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். நம் ஊரில் யாரும் கேட்பதில்லை.

எண்ணெய்க் குளியலை "ஆயில் பாத்" என்றால் மாஸ்டர் சொன்ன டிராக்டர்தான் அவர்களுக்கு நினைவு வரும், இல்லையென்றால் தொட்டி நிறைய எண்ணெய். "ஐ மசாஜ் ஆயில் இன்டு மை ஹேர் அண்ட் ஸ்கின், அண்ட் தென் வாஷ் இட் ஆஃப்" என்று செய்வதை அப்படியே சொல்லிவிடுங்கள். தொட்டித் தண்ணீரில் எண்ணெய்ப் பசை உள்ள மருந்தைக் கலந்து ஊறச்சொல்வார்கள் எக்ஸிமா என்ற தோல் வியாதி உள்ளவர்களை, அது "பாத் ஆயில்". அதில் இறங்கி ஏறும்போது வழுக்கி விழுவது அதிகம். ரப்பர் மேட் போடச் சொல்வது நர்ஸ் வேலை, ரோல்பிளேயில் சேர்த்துக்கொண்டால் நல்லது.

உச்சரிப்புக்கு வெளியே தேட வேண்டாம், தமிழிலேயே ஒலி இருக்கிறது. "அது" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். அந்த "து"வில் நாக்கு பல்லை லேசாகத்தான் தொடுகிறது, தொண்டையும் அதிர்கிறது. பேத் முடிவில் வருவது ஏறக்குறைய அந்த ஒலிதான். "பேது" என்று சொல்லிக் கடைசி உகரத்தை விழுங்கிவிடுங்கள். பாத் முடிவில் அதிர்வே இருக்கக் கூடாது, நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காற்றை மட்டும் விடுங்கள். தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உயிரெழுத்தும் ஊருக்கு ஊர் மாறும். லண்டன் பக்கம் நெடில், "பாத்". லீட்ஸில் குறில், நம்முடைய "பத்து"வில் உள்ள "பத்" மாதிரி, ஆனால் முதல் எழுத்து "பஸ்"ஸில் வரும் ப. இரண்டுமே நல்ல ஆங்கிலம்தான். நெடிலாகச் சொன்னால் எங்கள் வார்டு ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் ஒருவர் "ஆர் யூ ஃப்ரம் லண்டன், லவ்?" என்று கேட்டுச் சிரிப்பார். நாகர்கோவில்காரியைப் பார்த்து!

நியூஜெர்சி_குமரன்

இந்தப் பக்கத்துக் கதையும் கொஞ்சம். இங்கே வீடு பார்க்கப் போனால் "த்ரீ பெட், டூ அண்ட் ஹாஃப் பாத்" என்று விளம்பரம் இருக்கும். அரைக் குளியல் எப்படி என்று என் மாமனார் கேட்டார். டாய்லெட்டும் வாஷ்பேசினும் மட்டும் இருந்தால் "ஹாஃப் பாத்". தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் சேர்ந்தால் "த்ரீ குவார்ட்டர் பாத்". ஆக, ஹாஃப் பாத்தில் குளிக்கவே முடியாது. "வேர் இஸ் த பாத்ரூம்?" என்று விருந்தாளி கேட்டால் டவலை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், அவர் கேட்பது டாய்லெட்டை.

"ஹி டுக் எ பாத் ஆன் தட் ஸ்டாக்" என்றால் அந்தப் பங்கில் பெரிய நஷ்டம் என்று அர்த்தம். நம் ஊர் டி.வி.யில் சந்தை சரியும்போது வருகிற "பிளட்பாத்" தனி, அது ரத்தக் களரி. "பேபி ஷவர்" என்பது நம் வளைகாப்பு மாதிரி. அழைப்பு வந்தால் பரிசு வாங்கிப் போக வேண்டும், தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பெங்களூர்_பாலாஜி

எங்கள் ஊர் தர்ஷினி ஓட்டல் போர்டில் காரா பாத் (ரவா உப்புமா), சௌ சௌ பாத் (உப்புமாவும் கேசரியும்) என்று குளிக்கிற பாத் எழுத்திலேயே எழுதியிருப்பார்கள். காலையில் எட்டு மணிக்கு இரண்டையும் முடித்துவிட்டுத்தான் ஆபீஸ் போகிறேன்.

தேனி_செல்வி

பாலாஜி அண்ணா 😀

அக்கா, கார்டு ஒன்று நானே போட்டுப் பார்த்தேன். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள் வீட்டுக்குப் போகிற பெண். அவரிடம் இப்படிச் சொல்கிறேன்: "யூ கேன் ஹேவ் எ ஷவர் நவ். லெட் த வாட்டர் ரன் ஓவர் த வூண்ட், பட் ப்ளீஸ் டோன்ட் சோக் இன் த பாத் அன்டில் இட் ஹேஸ் ஹீல்ட். யூ மஸ்ட் நாட் அப்ளை சோப் தேர். பேட் இட் ட்ரை." சரியா?

லீட்ஸ்_நாஞ்சில்காரி

நன்றாக இருக்கிறது. "மஸ்ட் நாட்" மட்டும் அதட்டுகிற மாதிரி இருக்கிறது. "ட்ரை நாட் டு புட் சோப் டைரக்ட்லி ஆன் இட்" என்று மாற்றுங்கள். சொல்லி முடித்ததும் அப்படியே நிறுத்திவிடாமல், "டு யூ ஹேவ் எ ஷவர் அட் ஹோம், ஆர் ஜஸ்ட் எ பாத்?" என்று கேளுங்கள். இங்கே பழைய வீடுகள் பலவற்றில் தொட்டி மட்டும்தான் இருக்கும். ஷவர் இல்லை என்று சொன்னால், தொட்டிக்குள் நின்றுகொண்டு ஒரு ஜக்கால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அதை நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.